காட்டுப் பூர்வீகம் தெரியாத முள் தூண் கள்ளி: துண்டு போட்டு பகிர்றது எப்படி, லேபிள்ல என்ன எழுதறது?

நீலத்தூண்:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட ஒரு தூண் கள்ளி இருக்கு, ஆள் உயரத்தை எப்பவோ தாண்டிருச்சு, இப்ப ஒரு பக்கமா சாயுது, முட்டு கொடுத்தும் நிக்கல, அதனால வெட்டியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். வெட்டினதை தூக்கிப் போட மனசில்ல, பாத்தவங்க பல பேர் ஒரு துண்டு குடுங்கன்னு கேட்டு வச்சிருக்காங்க, எல்லாருக்கும் குடுக்கலாம்னு இருக்கேன்.

தண்டு நீலம் கலந்த பச்சை, தொட்டா வெள்ளையா ஒரு பூச்சு கைல ஒட்டுது. ரிப் (தண்டுல நீளமா ஓடற மேடு) 7, உச்சிக்கிட்ட 8 ஆகுது. ஒவ்வொரு அரியோல்லயும் (முள்ளு கிளம்பற பஞ்சுப் புள்ளி) எட்டுப் பத்து முள்ளு, நடு முள்ளு மட்டும் விரல் நீளம், புதுசு பழுப்பு, பழசு சாம்பல். ராத்திரி பெரிய வெள்ளைப் பூ விரியுது, வெயில் ஏறினதும் வாடிருது. வருஷா வருஷம் பூத்தும் காய் ஒண்ணு கூட நின்னதில்ல.

இது எந்தக் காட்டுலேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. எனக்குக் குடுத்தவரும் துண்டா வாங்கினதுதான், அவருக்குக் குடுத்தவர்கிட்ட கேக்க இப்ப வழியில்ல. ஒருத்தர் இது செரியஸ்ங்கற தூண் கள்ளி வகைல பெருவியானஸ்ங்கறார், இன்னொருத்தர் அதே வகைல ஜமகாருங்கறார், வேற ஒருத்தர் "பெரு நாட்டுக் காட்டுச் செடி"ன்னு எழுதிக் குடுங்க, மதிப்பா இருக்கும்ங்கறார், ஆனா எனக்கே தெரியாததை எழுதி இன்னொருத்தர் கைல குடுக்க எனக்கு இஷ்டமில்ல. எப்படி வெட்டறது, எவ்வளவு நாள் காயவைக்கறது, இந்த முள்ளோட எப்படிக் கையாள்றது, லேபிள்ல என்ன எழுதறது, அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வேர்ப்பிடி:

முதல்ல ஒண்ணு, வெட்டறதுன்னா செடி நல்லா வளர்ற வெதுவெதுப்பான சீசன்லயே வெட்டிருங்க, குளிர்லயோ விடாம மழை பேயற நேரத்துலயோ வேண்டாம், வெட்டுவாய் காயாம அழுகல் உள்ள போயிடும். வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் தண்ணி நிறுத்திருங்க.

பழைய கார்ப்பெட் துண்டு இல்ல தடியா மடிச்ச சாக்கை தண்டுல சுத்தி கட்டி, அதைப் புடிச்சுதான் தூக்கணும், வெறும் க்ளவுஸை நம்பாதீங்க, விரல் நீள முள்ளு தோல் க்ளவுஸையும் தாண்டி இறங்கும். கண்ணுக்கு கண்ணாடி கண்டிப்பா போடுங்க. ஆள் உயரத்துக்கு மேல போன தண்டு தண்ணி கோத்து செம கனமா இருக்கும், தனியா நின்னு வெட்டாதீங்க, ஒருத்தர் மேல புடிச்சுக்கணும், மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டு வாங்க.

துண்டு ஒரு அடிலேருந்து ஒன்றரை அடி இருந்தா நல்லது. சின்னத் துண்டும் வேர் விடும், ஆனா உள்ள சேமிப்பு கம்மியா இருக்கறதால நிதானமாத்தான் வரும். ஒவ்வொரு துண்டுலயும் எது மேல் பக்கம்னு வெட்டின உடனே மார்க்கர்ல ஒரு அம்பு போட்டிருங்க, உச்சி இல்லாத நடுத்துண்டு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், தலைகீழா நட்டா உருப்படாது.

வெட்டுவாயை தட்டையா விட்டுடாதீங்க, நிறைய பேர் இதைச் செய்யறதில்ல. வெட்டின முகத்துல நடுவுல ஒரு வட்டம் தெரியும், அதுதான் நார் வளையம், வேர் பெரும்பாலும் அதுலேருந்துதான் வரும். காயும்போது சதை சுருங்கி உள்ள இழுத்துக்கும், தோல் சுருங்காது, அதனால விளிம்பு நீட்டிக்கிட்டு வளையம் குழிக்குள்ள போயிடும், அப்புறம் வர்ற வேர் மண்ணைத் தொடாம அந்தரத்துல நிக்கும். அதனால ரிப் விளிம்பையெல்லாம் பென்சில் சீவற மாதிரி சரிவா சீவி விட்டிருங்க, காய்ஞ்சப்புறம் வளையம் கீழ துருத்திக்கிட்டு நிக்கும்.

அந்த வளையத்துல சிவப்பாவோ பழுப்பாவோ புள்ளி தெரிஞ்சா அழுகல் அங்க வரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம், கத்தியைத் துடைச்சு, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டுங்க, சுத்தமான வெள்ளைப் பச்சை வர்ற வரைக்கும் விடாதீங்க.

கை தடிமன் இருந்தா ரெண்டு வாரம், தொடை தடிமன் இருந்தா ஒரு மாசம் கூட ஆகும், நேர் வெயில் படாத காத்தோட்டமான இடத்துல நிறுத்தி வைங்க. நிறுத்தின்னு அழுத்திச் சொல்றேன், படுக்க வச்சா உச்சி மேல் நோக்கி வளைய ஆரம்பிக்கும், கீழ் பக்கம் விலாவுலேருந்தும் வேர் கிளம்பும். வெட்டுவாய் கட்டியா, தட்டினா டக்டக்னு சத்தம் வர்ற அளவுக்கு காய்ஞ்சாதான் மண்ணுக்குப் போகணும்.

மண்ணு பாதிக்கு மேல கல்லு சமாச்சாரமா இருக்கட்டும், பியூமிஸ், பெர்லைட், கரடு மணல் எது கிடைச்சாலும் சரி. ஆழமா புதைக்காதீங்க, நாலு விரல் போதும், மிச்சத்துக்கு குச்சி நட்டு கட்டுங்க. நட்டதும் தண்ணி ஊத்தாதீங்க, லேசான ஈரம் போதும், வேர் புடிச்சுதான்னு கொஞ்ச வாரம் கழிச்சு மெதுவா இழுத்துப் பாருங்க, எதிர்த்து நின்னா அப்ப ஆரம்பிங்க.

கருமுள்:

வேர்ப்பிடி அக்கா சொன்னது எல்லாமே சரி. நான் கத்தியைப் பத்தி மட்டும் சேத்து சொல்றேன், ஏன்னா பல பேருக்குக் குடுக்கற செடின்னா இதுதான் முக்கியம்.

ஸ்பிரிட் வச்சு துடைச்சா பூஞ்சை, பாக்டீரியாவுக்குப் பரவால்ல. ஆனா கள்ளிகள்ல கேக்டஸ் வைரஸ் எக்ஸ்னு ஒண்ணு இருக்கு, வெட்டும்போது கத்தில ஒட்டற சாறு வழியாவே ஒரு செடிலேருந்து இன்னொண்ணுக்குப் போகும், பல செடில வெளில எதுவும் தெரியாது, சிலதுல மட்டும் வெளிர் திட்டு வரும். அதுக்கு ஸ்பிரிட் பத்தாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து கத்தியை ஊற வைங்க, அப்புறம் நல்ல தண்ணில அலசித் துடைச்சுக்கோங்க, இல்லன்னா இரும்பு துருப்பிடிக்கும். ஒரு செடியை முடிச்சுட்டு அடுத்த செடிக்குப் போறதுக்கு முன்னாடி இது கட்டாயம். ஒரே செடியோட துண்டுகளுக்கு நடுவுல அழுகல் பாத்தா மட்டும் போதும்.

பூச்சியைப் பாக்காம ஒரு துண்டு கூட வெளிய போகக் கூடாது. அரியோல் பஞ்சுக்குள்ள மாவுப்பூச்சி ஒளிஞ்சிருக்கும், வெள்ளைப் பஞ்சும் வெள்ளைப் பூச்சியும் கலந்து தெரியும், டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பாக்கணும். தண்டுல பொட்டு பொட்டா ஒட்டியிருந்தா செதில் பூச்சி. புவெர்ட்டோ ரிக்கோவுல ஹைப்போஜியோகாக்கஸ்னு ஒரு மாவுப்பூச்சி 2000-க்கு அப்புறம் காட்டுத் தூண் கள்ளிகளையே அழிச்சிட்டு வருது, உச்சி முடிச்சு முடிச்சா கோணிக்கிட்டு பூக்காம போயிடும். உங்க செடி உச்சி அப்படிக் கோணல் மாணலா இல்லதானே?

நீலத்தூண்:

இல்ல சார், உச்சி நேராத்தான் போகுது. அரியோல் டார்ச் அடிச்சு பாக்கறேன். லேபிள் பத்தி யாராவது சொல்லுங்க, எனக்கு அதுதான் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

பழையலேபிள்:

நானே சொல்றேன், நீங்க கேட்டதுல பெரிய விஷயம் இதுதான்.

பெருவியானஸ்ங்கற பேரு 1753-லயே தாவரவியலாளர் லின்னேயஸ் தன் புத்தகத்துல குடுத்தது, அப்ப கேக்டஸ் பெருவியானஸ், அப்புறம் 1768-ல மில்லர் செரியஸ் பெருவியானஸ்னு மாத்தினார். அதே 1753-ல அதே புத்தகத்துல கேக்டஸ் ரெபண்டஸ்னு இன்னொரு பேரும் இருக்கு, அதுதான் இப்ப செரியஸ் ரெபண்டஸ். பெருவுல காட்டுல இந்தத் தோட்டச் செடி வளர்ற இடம்னு ஒண்ணை காட்ட முடியாது, பேருல ஊர் இருக்கறதை மட்டும் நம்பித்தான் எல்லாரும் பெருங்கறாங்க. உலகம் பூரா தோட்டத்துல அந்தப் பேருல நிக்கற செடிகள்ல பெரும்பாலானது உண்மைல செரியஸ் ஹில்ட்மானியானஸ், ஷூமன் 1890-ல பேர் வச்சது, அதோட காடு தெற்கு பிரேசில், உருகுவே, வட அர்ஜென்டினா பக்கம். செரியஸ் ரெபண்டஸ் அதில்ல, அது கரீபியன் ஓரம், குராசாவ், அரூபா, போனேர், வெனிசுவேலா, கொலம்பியா. ஜமகாரு வடகிழக்கு பிரேசில் வறண்ட நிலத்துச் செடி. இந்த மூணும் தோட்டத்துல ஒண்ணோட ஒண்ணு கலந்து, விதைல கலப்பினமாகி, துண்டு துண்டா கை மாறி நிறைய தலைமுறை ஆயிடுச்சு.

உங்க செடில பொதுவா பாக்க வேண்டிய அடையாளம்: ரெபண்டஸ்ல ரிப் அதிகம், ஒன்பது பத்து கூட இருக்கும், முள்ளும் நிறைய. ஜமகாருல ரிப் நாலுலேருந்து ஆறு, உயரமா தகடு மாதிரி மெல்லிசா நிக்கும். ஹில்ட்மானியானஸ் அஞ்சு ஆறுலேருந்து எட்டு வரைக்கும், வளர்ந்த தண்டுல முள்ளு பெரும்பாலும் கம்மி. உங்களுது ரிப் ஹில்ட்மானியானஸ் கணக்குல வருது, முள்ளு வரல. அதனால சுத்தமான இனமா, கலப்பான்னு போட்டோ பாத்து யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது, சொல்றவங்களை நம்பாதீங்க.

பூவோட குழாயைத் தொட்டுப் பாருங்க. வழவழன்னு, அங்கங்க சின்னச் செதில் மட்டும் இருந்தா செரியஸ் வகைன்னு தைரியமா சொல்லலாம். கருப்பாவோ பழுப்பாவோ ரோமம் இருந்தா அது ட்ரைக்கோசீரியஸ்ங்கற வேற தூண் கள்ளி வகைப் பக்கம், மொத்தக் கதையும் மாறிடும். பூ வர்ற அரியோல்லேருந்து மட்டும் கத்தையா வெள்ளை முடி தொங்கினா பைலோசோசீரியஸ்ங்கற இன்னொரு வகையான்னு யோசிக்கணும், அதுவும் நீலமாத்தான் இருக்கும்.

லேபிள்ல எழுத வேண்டியது உங்களுக்குத் தெரிஞ்சது மட்டும். "செரியஸ், இனம் உறுதியில்லை, காட்டுப் பூர்வீகம் தெரியாது, தோட்டத்துத் துண்டு", அதோட யார்கிட்டேருந்து எந்த வருஷம் உங்க கைக்கு வந்துச்சு, நீங்க எந்த வருஷம் யாருக்குக் குடுத்தீங்க. இதை வெறும் சம்பிரதாயம்னு நினைக்காதீங்க. காட்டுல எடுத்த இடம், தேதி, சேகரிப்பாளர் நம்பர் எழுதியிருக்கற செடிக்கு ஆராய்ச்சிலயும் பாதுகாப்புலயும் ஒரு வேலை இருக்கு, பொட்டானிக்கல் கார்டன்ல அதுக்குத்தான் பதிவேடு வச்சுக் காப்பாத்தறாங்க. யாரோ ஒருத்தர் மதிப்புக்காக "பெரு, காட்டுச் செடி"ன்னு எழுதிட்டா, அந்த வரி துண்டோட போயிட்டே இருக்கும், நாலாவது கை போனதும் அது உண்மையாவே ஆயிடும், அப்புறம் அதைத் திருத்த வழி இல்ல. பூர்வீகம் தெரியாதுன்னு எழுதின லேபிள் அந்த மாதிரி யாரையும் ஏமாத்தாது, உங்க பேர்ல வர்ற தப்பும் இல்ல. தெரியாதுன்னு எழுதறது செடியைக் குறைச்சுப் பேசறது இல்லீங்க, அழகும் வளர்ற வேகமும் அப்படியேதான் இருக்கு.

நீலத்தூண்:

அண்ணா ரொம்ப நன்றி, மனசுல இருந்த குழப்பம் போச்சு. பூக்குழாய் வழவழன்னுதான் இருக்கு, ரோமம் இல்ல, இது எனக்கு நிச்சயமா தெரியும். அப்ப செரியஸ்னு எழுதலாம். ஆனா ஒரு சந்தேகம், இவ்வளவு பூ பூத்தும் காய் பிடிக்கல, செடிக்கு ஏதாவது குறையா? துண்டு வாங்கிக்கிட்டவங்க பழம் வேணும்னும் ஆசைப்படறாங்க.

விதைப்பை:

குறை எதுவும் இல்ல தம்பி. இந்தச் செரியஸ் எல்லாம் தன் மகரந்தத்தை தானே ஏத்துக்காது. இன்னொரு தனிச் செடியோட மகரந்தம் வேணும், அதுவும் வேற விதைலேருந்து வந்த செடியா இருக்கணும். உங்க செடிலேருந்து நூறு துண்டு எடுத்து வரிசையா நட்டாலும் அது மரபுல ஒரே செடிதான், அவங்க எல்லார் வீட்டுலயும் பூக்கும், காய்க்காது. வாங்கறவங்ககிட்ட இதை முதல்லயே சொல்லிடுங்க.

காட்டுல இந்த வேலையை வௌவாலும் அந்திப்பூச்சியும் செய்யுது, குராசாவ்ல ரெபண்டஸ் பூவுக்கு வௌவால் வருது. தோட்டத்துல நம்ம கையாலதான் பண்ணணும், ராத்திரி பூ முழுசா விரிஞ்ச நேரத்துல வேற ஒரு செடிலேருந்து மகரந்தத்தை பிரஷ்ல எடுத்து சூலகமுடில தடவணும், விடியறதுக்கு முன்னாடி. வேற செடி இல்லன்னா, வேற ஒருத்தர்கிட்ட இருக்கற, உங்களோடது மாதிரியே ஆனா வேற மூலத்துலேருந்து வந்த ஒண்ணைத் தேடுங்க. ஆனா அப்படிப் பிடிக்கற காய்லேருந்து வர்ற விதைல கலப்பு இருக்கும்னு மறக்காதீங்க, அந்த நாத்துக்கு உங்க செடி பேரை எழுதாம "அம்மா இது, அப்பா அது"ன்னு எழுதணும், அப்பா யாருன்னு தெரியாட்டி தெரியாதுன்னு எழுதணும்.

விதையும் நல்லா முளைக்கும், மண்ணு மேலயே தூவுங்க, மூடாதீங்க, வெளிச்சம் வேணும், 25 முதல் 30 டிகிரி சூடு இருந்தா ஒரு ரெண்டு வாரத்துல பச்சைப் புள்ளி தெரியும். விதைல வர்றது ஒவ்வொண்ணும் வேற வேற முகத்தோட வரும், முள்ளு கூடும், குறையும், அதுல ஒரு ஆசை இருக்கு. துண்டுல இந்த ஆச்சரியம் கிடையாது, ஆனா உங்க செடியே அப்படியே அவங்க கைக்குப் போகுது.

எல்லைக்கோடு:

வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கும் அனுப்பற எண்ணம் இருந்தா ஒண்ணு சொல்லணும். கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட பூராவும் சைட்டிஸ் ஒப்பந்தத்துல (அருகிவரும் உயிரினங்களோட சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தறது) இணைப்பு 2-ல இருக்கு, சில இனம் அதை விடக் கடுமையான இணைப்பு 1-ல. தோட்டத்துத் துண்டுன்னாலும் எல்லை தாண்டறதுக்கு அனுமதிச் சீட்டு வேணும், அதோட செடி நோயில்லங்கற பைட்டோசானிட்டரி சான்றிதழும் வேணும். "பரிசாத்தானே குடுக்கறேன், விக்கலையே"ங்கறது சட்டத்துல நிக்காது. அதனால ஒரே நாட்டுக்குள்ள குடுங்க, அதுவும் அந்த இடத்துல இந்தச் செடிக்குத் தடை இருக்கான்னு பாத்துட்டு. தென் ஆப்பிரிக்காவுல ஜமகாரு ஆக்கிரமிப்புச் செடி, பறவை பழம் தின்னு விதையைப் பரப்பி மேய்ச்சல் நிலம் பூரா முளைச்சிருச்சு, அங்க வளர்க்கறதே குத்தம், ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துலயும் செரியஸ் களையா நிக்குது. பூர்வீகமே தெரியாத செடியைக் குடுக்கறப்போ, இதை காட்டோரம், ஓடை ஓரம் நட்டுடாதீங்க, வெட்டின மிச்சத்தை வெளில வீசாதீங்கன்னு ஒரு வரி சேத்து சொல்லுங்க, வீசின துண்டு விழுந்த இடத்துல வேர் விட்டிரும்.

வேர்ப்பிடி:

நல்லாச் சொன்னீங்க எல்லைக்கோடு சார், வெட்டின மிச்சம் பத்தி நானும் எழுதலாம்னு இருந்தேன், குப்பைல போடற துண்டைச் சின்னச் சின்னதா நறுக்கி வெயில்ல காயப் போட்டு அப்புறம் போடுங்க.

பேக்கிங் பத்தி: ஈரமா அனுப்பாதீங்க, வெட்டுவாய் முழுசா காய்ஞ்ச, வேர் இல்லாத துண்டுதான் பயணத்துக்கு நல்லது, மூணு நாலு வாரம் வழியில கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்து அழுகும், நியூஸ் பேப்பரை பல மடிப்பு சுத்துங்க. இந்த முள்ளு பேப்பரைத் தாண்டும், அதனால ரெண்டு பக்கமும் தெர்மோகோல் வச்சு முள்ளு அதுல குத்திக்கிற மாதிரி அமுக்கி கட்டிட்டு அப்புறம் பாக்ஸ்ல போடுங்க, பாக்ஸ் மேல "உள்ள கூர்மையான முள்ளு"ன்னு பெருசா எழுதுங்க, அதைத் தூக்கறவங்களுக்கு குத்தக் கூடாது.

அடிக்கட்டையையும் மறந்துடாதீங்க. வெட்டுவாய்க்கு கந்தகப் பொடி தூவி, சரிவா வெட்டியிருந்தா தண்ணி வழிஞ்சு ஓடும், காயற வரைக்கும் மழை படாம மூடுங்க, வெட்டுக்குக் கீழ இருக்கற அரியோல்லேருந்து ரெண்டு மூணு கிளை வரும். கிளை வந்தப்புறம் சாய்வு மறுபடி வரும்னா ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை வெட்டி வேற துண்டா வச்சுக்கலாம்.

நீலத்தூண்:

அக்கா, ஒரு கடைசிக் கேள்வி, நடுத்துண்டு உச்சி இல்லாம வளருமா, இல்ல உச்சித் துண்டை மட்டும்தான் குடுக்கணுமா? என்கிட்ட உச்சி ஒண்ணுதான், கேக்கறவங்க நிறைய பேர்.

வேர்ப்பிடி:

வளரும், மேல் விளிம்பு அரியோல்லேருந்து புதுசா கிளை விடும், உச்சித் துண்டை விட தாமதம்தான், ஆனா ஒரே துண்டுல ரெண்டு மூணு கிளை கூட வரும். புதுக் கிளை தண்டோட சேர்ற இடம் கொஞ்ச காலத்துக்கு பலமில்லாம இருக்கும், அதைப் புடிச்சுத் தூக்க வேண்டாம்னு வாங்கறவங்ககிட்ட சொல்லுங்க. மேல் வெட்டுக்கும் கந்தகம் தூவி காயவிடுங்க, ரெண்டு பக்கமும் காய்ஞ்சாதான் நடணும். கிளை வர்ற வரைக்கும் செத்துப்போச்சோன்னு தோண்டிப் பாக்கறவங்கதான் அதிகம், அதனால அடில வேர் பிடிச்சதா இல்லையான்னு இழுத்து பாத்தா போதும், தோண்ட வேண்டாம்.

பழையலேபிள்:

லேபிள் மையால எழுதினா வெயில்ல மறைஞ்சிரும், பென்சில்ல எழுதுங்க, இல்ல அலுமினியத் தகட்டுல ஆணி வச்சு கீறுங்க. ஒரு லேபிள் தொட்டில, இன்னொண்ணு மண்ணுக்குள்ள புதைச்சு வைங்க, மேல இருக்கறது உடைஞ்சாலும் கீழ இருக்கறது இருக்கும். உங்க நோட்டுலயும் யாருக்கு எந்த வருஷம் குடுத்தீங்கன்னு எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி யாராவது அவங்க செடி பூக்கறப்போ போட்டோவும் அளவும் அனுப்பினா, பேரைச் சரியா சொல்ல அது உதவும்.

நீலத்தூண்:

அலுமினியம்தான் அண்ணா, பழைய கூல் டிரிங்க் டின் இருக்கு, அதை வெட்டிக்கறேன், ஓரம் கையை கிழிக்காம மடிச்சுடறேன். எழுதப் போறது இதுதான், சரியான்னு பாருங்க: செரியஸ், இனம் உறுதியில்லை. காட்டுப் பூர்வீகம் தெரியாது. தோட்டத்துத் துண்டு, ஒரே தாய்ச்செடி. ரிப் 7 முதல் 8, அரியோலுக்கு 8 முதல் 10 முள். பூக்குழாய் வழவழப்பு. அதுக்குக் கீழ வருஷமும் குடுத்தவர் பேரும்.

பழையலேபிள்:

சரியா இருக்கு. "வேற மூலத்துச் செடியோட மகரந்தம் இல்லாம காய்க்காது"ன்னு ஒரு வரி பின்னாடி சேத்துக்கோங்க.